பொரி போட வந்த அண்ணன்: கும்பகோணத்தில் ஏழு நாள்

கல்யாணத்தில் பெண்ணோடு பிறந்தவனுக்கு ஒரு வேலை உண்டு. ஓமத்தின்போது அவள் இரண்டு கையையும் குவித்து நீட்டுவாள். அதில் அவன் பொரி அள்ளிப் போட வேண்டும். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து அதை அக்கினியில் சேர்ப்பார். அண்ணன் ஊரில் இல்லையென்றால் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ போடலாம், தப்பில்லை. ஆனால் என் தங்கை நிச்சயத்தன்றே போனில் சொல்லிவிட்டாள்: "அண்ணா, நீ லீவு வாங்கின பிறகுதான் தேதி குறிக்கணும்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை. 2025இல் அது தை மாத நடுவில், புதனும் வியாழனுமாக வந்தது. அதோடு மூன்று நாள் லீவு சேர்த்துக்கொண்டேன். செவ்வாய் இரவு திருச்சியில் இறங்கி, அடுத்த செவ்வாய் இரவு திரும்பினேன். இடையில் சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். கல்யாணத்துக்கு ஊர் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், எது எனக்குச் சுலபமாக நடந்தது, எதில் முட்டிக்கொண்டு நின்றேன் என்று எழுதி வைக்கிறேன்.

திருச்சியின் புதிய முனையம் எனக்குப் பிடித்திருந்தது. 2024 ஜனவரி 2 அன்று திறப்பு விழா நடந்து, ஜூன் மாதம் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் அளவில் கட்டியது. பழைய முனையத்தில் நள்ளிரவில் இரண்டு விமானம் சேர்ந்து இறங்கினால் குடியேற்ற வரிசையில் கால் வலிக்க நிற்போமே, அந்த நெருக்கடி இல்லை. பெட்டி வந்து வெளியே போக முக்கால் மணி நேரம் ஆனது.

வெளியே வந்ததும்தான் சங்கடம் தொடங்கியது. முன்பதிவு செய்திருந்த கார் வரவில்லை. விமான நிலைய வைஃபையில் சேர மொபைல் எண் கேட்டது. என் பழைய இந்திய எண்ணைப் போட்டேன். ஓடிபி வரவில்லை. சிங்கப்பூர் எண்ணைப் போட்டேன். அதற்கும் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மன்னார்குடிக்காரர் தன் போனைக் கொடுத்து, "பேசுங்க தம்பி, அவசரமில்ல" என்றார். டிரைவர் அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்புகிறாராம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, விடியற்காலையில் தஞ்சாவூர் தாண்டும்போது, அந்தப் பழைய எண் செத்துப்போயிருக்கும் என்று புரிந்தது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து யாரும் அசட்டையாக விடாதீர்கள். தொடர்ந்து 90 நாள் பேச்சு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லாவிட்டால் ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். இருப்பில் 20 ரூபாயாவது இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு முப்பது முப்பது நாளாக நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. முடங்கிய எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். நான் கடைசியாக ரீசார்ஜ் செய்தது 2022இல். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, கேஸ் இணைப்பு என்று என் பெயரில் ஊரில் இருக்கும் எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை முதல் வேலையாகப் பெரிய கடைத் தெருவில் ஆதார் கைரேகை வைத்து புது சிம் வாங்கினேன். மதியத்துக்குள் உயிர் வந்துவிட்டது. வங்கியில் அப்படி நடக்கவில்லை. கணக்கில் எண்ணை மாற்ற விண்ணப்பம் கொடுத்தால், "சார், நீங்க வெளிநாட்டுல இருக்கீங்க, இது இன்னும் சாதாரண சேமிப்புக் கணக்கா இருக்கே, என்ஆர்ஓவா மாத்தணுமே" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அவர் சொன்னது சரிதான். வெளிநாட்டில் குடியேறியவர் தன் சாதாரணக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. எட்டு வருஷமாக நான் செய்யாமல் இருந்தது என் தவறு. ஆனால் மாற்றுவதற்கான படிவம் அந்தக் கிளையில் தீர்ந்திருந்தது, அதைக் கவனிக்கும் அதிகாரி லீவில் இருந்தார். வியாழன் போனேன், வெள்ளி போனேன். வேலை முடிந்தது அடுத்த திங்கள். கல்யாணத்துக்காகச் சேர்த்துவைத்த பணம், கல்யாணம் முடிந்த மறுநாள்தான் என் கைக்கு வந்தது.

அது வரை அப்பாவின் யுபிஐயில்தான் எல்லாம் ஓடியது. அதில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய்தான் அனுப்பலாம். மண்டபத்துக்கு மீதி, சமையலுக்கு மீதி, பந்தல், பூ என்று வெள்ளிக்கிழமை ஒரே நாளில் அதற்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. எழுபது வயதில் அப்பா போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, யாருக்கு இன்று, யாருக்கு நாளை என்று துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சுமையை எடுத்துக்கொள்ளத்தானே நான் வந்தேன்?

சமையல் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தில் நான் கண்ட சேவைகளில் எதற்கு முழு மதிப்பெண் என்று கேட்டால் அவருடையதுதான். வியாழன் மாலை வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பட்டியல் ஏற்கெனவே முடிவானது: முகூர்த்தக் காலையில் இட்லிக்குக் கடப்பா, பொங்கல், வடை, அசோகா அல்வா, காபி. மதியம் முழுச் சாப்பாடு. அவர் கேட்ட கேள்வியே வேறு.

"எத்தனை இலைங்கய்யா?"

அப்பா, "காலைக்கு நானூறு, மதியத்துக்கு ஐந்நூறு" என்றார்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பெரிய முகூர்த்தம். ஊர்ல மண்டபம் எதுவும் காலியில்ல. ஒருத்தருக்கு மூணு பத்திரிகை இருக்கும். காலைல உங்க வீட்டுல டிபன் சாப்பிட்டு, மொய் எழுதிட்டு, அடுத்த மண்டபத்துக்குப் போயிடுவாங்க. காலைக்கு ஐந்நூறு வைங்க. மதியத்துக்கு முந்நூறு போதும்" என்றார்.

அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. மதியப் பந்தியில் இலை போட்டுச் சாப்பாடு இல்லை என்று ஒருவர் திரும்பினாலும் குடும்பத்துக்கே பேச்சு வரும் என்று பயந்தார். மாஸ்டர் வற்புறுத்தவில்லை. "சாம்பார், ரசம், பாயசம் முந்நூத்தம்பதுக்கு. அரிசி, காய் கூடுதலா இருக்கட்டும், நறுக்கி வைக்கிறேன், அடுப்புல ஏத்தல. பதினொண்ணரைக்குக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்றேன்" என்றார். இலை குறைந்தால் அவருக்குத்தான் வருமானம் குறையும். தெரிந்தேதான் சொன்னார். ஞாயிறு காலைப் பந்தியில் ஐந்நூறு இலையைத் தாண்டியது. மதியம் முந்நூற்றுப் பத்தோடு நின்றது. நறுக்கிய காய் மாலையில் பாத்திரம் தேய்த்தவர்கள் வீட்டுக்குப் போனது. ஒரு கரண்டி சாதம் கொட்டப்படவில்லை.

நாயனக்காரரை அமர்த்தியது மாமா. இரண்டு நாயனம், இரண்டு தவில். செண்டை மேளம் வைக்கலாம் என்று என் தம்பி முறைப் பையன்கள் கேட்டார்கள், தங்கை மறுத்துவிட்டாள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தன் வாத்தியமும் அங்கே செய்ததுதான் என்றார் மூத்தவர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் மரத்தில்தான் செய்வார்களாம். ஈரமெல்லாம் வற்றிப்போன மரம் என்பதால் நாதம் பிசகாது. ஒரு காலத்தில் ஒரு வீட்டைத் தாங்கிய மரம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கல்யாணி வாசித்தது என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன நேரத்துக்கு முன்பே, விடியற்காலை நாலரைக்கு, வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் நால்வரும் வாசலில் நின்றார்கள்.

நகை, புடவை விஷயத்தில் சுருக்கமாக இரண்டு வார்த்தை. நகைக்கடையில் ஒவ்வொரு உருப்படியிலும் ஹெச்யூஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை அந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும். நான் கடையில் நின்றபடியே போட்டுப் பார்த்தேன், அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு அது கட்டாயமில்லை, தாலியில் கோக்கும் குண்டுகளில் எண் இல்லையே என்று சண்டை போடாதீர்கள். புடவை திருபுவனத்தில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தோம். விசிறி மடிப்பில் மடித்துத் தருவார்கள், பெட்டியில் இடம் அடைக்காது. அம்மா தனக்கென்று எதுவும் எடுக்காமல் எழுந்தார். விற்பனையில் இருந்தவர்தான், "அம்மா, பொண்ணோட அம்மா நீங்க, உங்களுக்கு எடுக்காம போகக் கூடாது" என்று மாம்பழ நிறத்தில் ஒன்றை விரித்தார். அம்மா உட்கார்ந்துவிட்டார்.

சென்னையிலிருந்து வர வேண்டிய அத்தைக் குடும்பம்தான் பாவம். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பர் 1 முதல். பத்திரிகை போகும் முன்பே உழவன் எக்ஸ்பிரஸில் இடம் தீர்ந்துவிட்டது. தட்கலிலும் கிடைக்காமல் கிளாம்பாக்கத்திலிருந்து முகூர்த்த நாள் சிறப்புப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். உறவுக்காரர்களுக்கு டிக்கெட் போட வேண்டுமானால், அறுபதாவது நாளை முதலிலேயே எண்ணிவைத்துக் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை. பொரித் தட்டை சாஸ்திரிகள் என் கையில் கொடுத்தபோது புகையில் கண் எரிந்தது. தங்கை கையைக் குவித்தாள். சின்ன வயதில் மகாமகக் குளத்துப் படியில் கடலை வாங்கினால் என் பங்கிலும் வேண்டும் என்று இப்படித்தான் நீட்டுவாள். மூன்று முறை போட வேண்டும். மூன்றாவது முறை என் கை நடுங்கிப் பாதிப் பொரி கீழே சிந்தியது. "பரவால்லண்ணா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

திங்கட்கிழமை திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கு மேல் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். நான் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று, ஞாயிறு இரவே பதிவுத்துறை இணையதளத்தில் விவரங்களை நிரப்பினோம். ஓடிபி மாப்பிள்ளை போனுக்கு வந்ததால் தடங்கல் இல்லை. பத்திரிகை, மண்டப ரசீது, வயது மற்றும் முகவரிச் சான்று, புகைப்படம், சாட்சிகள் எல்லாவற்றோடும் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். பெயர் எழுத்துகள் ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்ததை அங்கிருந்த எழுத்தர் கவனித்துத் திருத்தச் சொன்னார். அவர் அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் பிறகு பாஸ்போர்ட்டில் அலைந்திருப்போம். மதியத்துக்குள் சான்றிதழ் கையில். கட்டணத்துக்கு மேல் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அன்று மாலை வங்கியிலிருந்தும் கூப்பிட்டார்கள். என்ஆர்ஓ கணக்கு ஆகிவிட்டது, புது எண் ஏறிவிட்டது. சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டு மொபைல் எண்களோடு, வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023இலேயே வழி திறந்துவிட்டார்கள். எல்லா வங்கிகளும் அதற்குத் தயாராக இல்லை. என் வங்கியில் இருந்தது. முதலில் அப்பாவுக்கு அனுப்பிப் பார்த்தேன். கூடத்தில் அவர் போன் சத்தம் போட்டது.

கிளம்புகிற அன்று அப்பா மொய் நோட்டை எடுத்து வந்தார். பாதிப் பேர் மேஜையில் ஒட்டியிருந்த கியூஆரில் போட்டிருந்தார்கள். அவர்கள் பெயரையும் ஊரையும் உட்கார்ந்து நோட்டில் ஏற்றினோம். யார் வீட்டுக்கு எப்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்று அப்பா சொல்லச் சொல்ல ஓரத்தில் குறித்தேன். முதல் செய்முறை வைகாசியில், வலங்கைமானில். அப்பா நேரில் போவார், பணம் என் எண்ணிலிருந்து போகும்.