நாலறை வீட்டில் கொத்து வேலை: ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால்

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் 1980களில் கட்டிய மறுவிற்பனை வீடு எங்களுடையது. குடிபோகும் முன் இரண்டு கழிப்பறைகளையும் சமையலறைத் தரையையும் முழுக்க உடைத்துப் புதிதாகப் போட்டோம். தேவைப்படாத ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தோம். அலமாரி, மின்சார வேலையெல்லாம் வேறு ஆட்கள் பார்த்தார்கள். அதனால் இங்கே கொத்து வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு மேல் புழங்கிவிட்டோம், எது தாங்கியது எது தாங்கவில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

பலரும் டைல்ஸ் கடையில் வாரக்கணக்கில் அலைகிறார்கள். டைல்ஸுக்கு அடியில் போவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டியதே அதைத்தான்: தரைக்கு ஸ்கிரீட் (டைல்ஸுக்கு அடியில் போடும் சிமெண்டுக் கலவைத் தளம்) எப்படி, வாட்டர்புரூஃபிங் (நீர்த்தடுப்பு) எத்தனை பூச்சு, தண்ணீர் ஓடும் வாட்டம் எந்தப் பக்கம்.

வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரைத் தேடும்போது முதலில் பார்த்தது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பட்டியல். வீவக வீட்டில் புதுப்பிப்பு வேலைக்கு அந்தப் பட்டியலில் பதிவு பெற்றவரைத்தான் அமர்த்த வேண்டும். கழகத்தின் இணையத்தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். செலவும் தூசியும் குறையும், உண்மைதான். புது வீடுகளில் அப்படித்தான் நிறையப் பேர் செய்கிறார்கள், ஏனென்றால் கட்டடம் முடிந்து முதல் 3 ஆண்டுகளுக்குக் கழிப்பறைத் தரையையும் சுவர் ஓடுகளையும் உடைக்க வீவக அனுமதிப்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அடியிலிருந்த நீர்த்தடுப்புப் பூச்சு அத்தனை வருடப் பழசு. மேலே எவ்வளவு நல்ல டைல்ஸ் ஒட்டினாலும் தண்ணீர் இறங்கும் வழி அடைபடாது. போதாக்குறைக்குத் தரை உயர்ந்து, வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வெளியே வரும்.

இன்னொருவர் கழிப்பறைக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் தொகை எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் உடைப்பது, குப்பை அகற்றுவது, ஸ்கிரீட், வாட்டர்புரூஃபிங், தண்ணீர் கட்டிச் சோதிப்பது, டைல்ஸ் பதிப்பது, கிரௌட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) என்று தனித்தனியாக எழுதியிருந்தார். மூவரில் இவர்தான் விலை அதிகம். வீட்டைப் பார்க்க வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்தீர்களா?" அந்தக் கேள்விக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம். கூரையில் கசிவு வந்தால் மேல் வீட்டாருக்கும் கீழ் வீட்டாருக்கும் சேர்த்தே பொறுப்பு என்பது வீவக விதி. அதை நினைவில் வைத்து வேலை பார்க்கிற ஆள் வேண்டும்.

உடைப்பு வேலைக்கான அனுமதியை அவரே வாங்கினார். சத்தமான வேலையெல்லாம் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்தான். சனி, ஞாயிறு கூடாது. விடுப்பு எடுப்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

வேலைக்கு வந்த தலைமைக் கொத்தனார் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. மேற்பார்வையாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டு அரைகுறையாகப் புரிந்துகொண்டதையெல்லாம் அவரிடம் தமிழில் கேட்டுத் தெளிந்தேன். மூலையிலிருந்து தண்ணீர்க்குழி வரை நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, கழிப்பறைத் தரைக்கு வாட்டம் பிடித்தார். டைல்ஸ் பதிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம் என்று ஸ்கிரீட்டைத் தட்டையாக விட்டுவிட்டால், பிறகு ஒரு மூலையில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்குமாம். சுவரும் தரையும் சேரும் மூலைகளுக்குத் தனியாக ஒரு பட்டை வலை வைத்துப் பூசினார். கசிவு பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான்.

பூச்சு காய்ந்ததும் தண்ணீர்க்குழியை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். "அக்கா, நாளைக்கு இதே நேரம் வந்து கோட்டைப் பாருங்க. கீழ் வீட்டுலயும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க," என்றார். 24 மணி நேரம் கழித்துக் கோடும் தண்ணீரும் ஒட்டியே இருந்தன. கீழ் வீட்டு மலாய் அம்மா டார்ச் அடித்துத் தன் கழிப்பறைக் கூரையைக் காட்டினார். ஈரமில்லை. அதற்குப் பிறகுதான் டைல்ஸ் பெட்டியைப் பிரித்தார்கள். இந்தச் சோதனையை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சமையலறையில் பழைய ஸ்கிரீட்டை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் புதியது போட்டார்கள். ஸ்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு, கட்டடம் தாங்குகிற எடை சம்பந்தப்பட்ட விஷயம். டைல்ஸுக்கு நடுவே இடைவெளி வேண்டாம், ஒட்டி ஒட்டி வைத்தால் அழகு என்று என் கணவர் சொன்னதைத் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. 2018 ஜனவரியில் சில நாள் குளிர்ந்தபோது தீவு முழுவதும் பல வீடுகளில் தரை டைல்ஸ் பெயர்ந்து எழும்பியது நினைவிருக்கலாம். சுருங்கி விரிய இடமில்லாமலும் அடியில் கலவை சரியாகப் பிடிக்காமலும் போனால் அப்படி ஆகும். கிரௌட் போடும் முன் ஒவ்வொரு டைலையும் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தார். குளிர்பதனப் பெட்டி வைக்கும் இடத்தில் இரண்டு டைல்கள் 'டொக் டொக்' என்று காலியாகச் சத்தம் கொடுத்தன. பெயர்த்துத் திரும்பப் பதித்தார்.

இன்றைய நிலவரம்: இரண்டு கழிப்பறைகளிலும் கசிவு இல்லை, தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. சமையலறைத் தரையில் ஒரு டைல்கூட அசையவில்லை. குளிக்கும் இடத்துக் கிரௌட் கறுத்துவிட்டது, மூலை சிலிக்கோனை ஒரு முறை மாற்றினோம். அது பராமரிப்பு, குறையாகச் சொல்லமாட்டேன்.

குறை என்றால் அடைத்த வாசல்தான். ஒரு வருடத்திற்குள் பழைய சுவரும் புதுச் செங்கலும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல் விட்டது. பழைய சுவரும் புதுச் சுவரும் ஒரே மாதிரி சுருங்காது. அந்த இணைப்பின் மேல் கம்பிவலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும், அவசரத்தில் அதை விட்டிருக்கிறார்கள். கூப்பிட்டதும் வந்தார்கள், விரிசலை ஓரமாகக் கொத்தி, வலை வைத்து, இலவசமாகப் பூசிக் கொடுத்தார்கள். ஆனால் சாயம் அடிக்கிற செலவு எங்களுடையது. வாசல் அடைப்பவர்கள் வலை வைப்பதையும் விலைப்பட்டியலில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேசியதைவிட வேலை சில வாரம் தள்ளிப்போனதும் உண்டு, அந்த நாட்களில் பக்கத்து வீட்டு வாசலெல்லாம் சிமெண்டுத் தூசி.

பணத்தை வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுத்தோம். டைல்ஸைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தோம். குத்தகையாளரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஆண்டு என் அம்மா வீட்டுக் கழிப்பறையை மாற்ற வேண்டும், அதற்கும் அவரிடமே விலை கேட்டிருக்கிறேன்.