எஃப்-250ஆ, எஃப்-350ஆ: ஃபிஃப்த் வீல் இழுக்க எது?

அமெரிக்காவில் ஃபிஃப்த் வீல் ஆர்.வி. (பிக்அப்பின் பின்தளத்தில் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) இழுக்க ஃபோர்டு டீசல் பிக்அப் தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவில்தான்: எஃப்-250, பின்பக்கம் ஒற்றைச் சக்கரம் கொண்ட எஃப்-350. இரண்டிலும் அதே 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின், அதே 10 கியர் ஆட்டோமேட்டிக், அதே கேபின். எஞ்சின் இழுக்குமா என்ற கேள்வியே வேண்டாம், இழுக்கும். பார்க்க வேண்டியது பேலோட், அதாவது டிரக் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை.

ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் கிங்பின் (டிரெய்லரை டிரக்கில் மாட்டும் முளை) வழியாக டிரக்கின் மேல் இறங்கும். டிரெய்லரின் காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீரும் சாமான்களும் ஏறியதும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர். (சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை) 14,000 பவுண்டு என்றால், 20 சதவீதத்திலேயே 2,800. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 200, இரண்டு பெரியவர்கள் 350, கருவிகளும் ஜெனரேட்டரும் 200. மொத்தம் 3,550 பவுண்டு.

க்ரூ கேப் (நான்கு கதவு) டீசல் எஃப்-250 பெரும்பாலும் 10,000 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர்.உடன் வருகிறது. எடை மிகுந்த டீசல் எஞ்சின், 4x4, சன்ரூஃப் எல்லாம் அதிலேயே கழிவதால், ஓட்டுநர் கதவோரத்தில் பேலோடைக் காட்டும் மஞ்சள் ஸ்டிக்கரில் மிஞ்சுவது 2,000 முதல் 2,500 வரைதான். விலை கூடின மாடலில் இன்னும் குறையும். எஃப்-350இல் 3,500 முதல் 4,000 வரை கிடைக்கும். நம் கணக்குக்கு அதுவும் மட்டுமட்டுதான், ஆனால் தாங்கும். அதன் ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000ஐத் தாண்டுவதால் மஞ்சள் ஸ்டிக்கர் இல்லாமலும் போகலாம், அப்போது ஜி.வி.டபிள்யூ.ஆர்.இலிருந்து டிரக்கின் நிஜ எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எஃப்-250இன் பின் சஸ்பென்ஷனில் ஏர்பேக் (காற்றடைத்த பை) போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஏர்பேக் தொங்கும் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவே. அச்சு, டயர் இவற்றின் வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது. சுமை மீறினால் முதலில் அடிவாங்குவது பின் டயர். நெடுஞ்சாலை வெயிலில் சூடேறி வெடிக்கும்.

சந்தேகம் இருந்தால் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேலில் (வண்டிகளை நிறுக்கும் எடைமேடை) ஏற்றுங்கள். டீசல் நிரப்பி, ஆட்களோடும் சாமானோடும், டிரெய்லரை மாட்டி ஒரு முறை. கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு முறை. டிரக்கின் இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம்தான் உண்மையான கிங்பின் எடை. பின் அச்சின் எண்ணைக் கதவோரத்தில் எழுதியிருக்கும் ஆர்.ஜி.ஏ.டபிள்யூ.ஆர்.உடன் (பின் அச்சு தாங்கும் உச்ச எடை) ஒப்பிடுங்கள்.

எஃப்-250ஐ ஒதுக்கவும் வேண்டாம். 9,000 பவுண்டுக்குள் உள்ள டிராவல் டிரெய்லருக்கு (பம்பருக்குப் பின்னால் மாட்டி இழுப்பது) அது தாராளம். அதன் நாக்கு எடை, அதாவது மாட்டும் முனை டிரக்கின் மேல் இறக்கும் எடை, 10 முதல் 15 சதவீதம்தான். அதற்கு 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் எடுத்தால் பேலோடும் கூடும், டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டெஃப் திரவத் தொல்லையும் இல்லை. காலியாக ஓட்டும்போது குலுக்கலும் குறைவு. ஜி.வி.டபிள்யூ.ஆர்.ஐ வைத்துப் பதிவுக் கட்டணம் வாங்கும் மாநிலங்களில் செலவும் மிச்சமாகலாம்.

டிரெய்லர் 16,000 பவுண்டைத் தாண்டினால் ஒற்றைச் சக்கரத்தோடு மல்லுக்கட்டாமல் இரட்டைப் பின்சக்கர எஃப்-350க்குப் போவதே சரி. ஆறு டயர் மாற்றும் செலவும், ஏறக்குறைய எட்டடி அகலத்தை வைத்துக்கொண்டு கடை வாசலில் இடம் தேடுவதும் சேர்ந்தே வரும். தினசரி வேலைக்கும் அதே வண்டிதான் என்றால், டிரெய்லரைச் சற்றுச் சிறியதாக வாங்குவது மலிவு.