கடலூரில் டே கேர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சேருங்கள்

கடலூரில் நல்ல பெயர் உள்ள ஒரு டே கேரில் எங்கள் இரண்டரை வயது மகளை விட்டிருந்தோம். போன மாதம் ஒரு மதியம் அவள் அங்கிருந்து தனியாக வெளியே வந்து, பஸ் போகிற ரோட்டில் நின்றிருக்கிறாள். எதிர் மளிகைக் கடைக்காரர்தான் ஓடிப்போய்த் தூக்கி, உள்ளே கொண்டுபோய் விட்டிருக்கிறார். டே கேரிலிருந்து எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அன்று வாட்ஸ்அப்பில் வந்தது, "பாப்பா நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்" என்கிற வழக்கமான செய்திதான். சாயங்காலம் அழைத்துவரப் போன என் கணவரிடம் அந்தக் கடைக்காரரே, "ஏன் சார், மத்தியானம் பாப்பா ரோட்டுக்கு வந்துடுச்சே, சொன்னாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்கவில்லை என்றால் இன்றைக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே போய்க் கேட்டதற்கு நடத்துகிற அம்மா, "அப்படி எதுவும் நடக்கலை சார், கேட்கிட்டதான் நின்னா" என்றார். கேமரா பதிவைக் காட்டச் சொன்னதும், கேமரா ரிப்பேர் என்றார். சேர்க்கும்போது அதே கேமராவைக் காட்டித்தான், "ஆபீஸிலிருந்தே பார்த்துக்கலாம் மேடம்" என்று எங்களிடம் பணம் வாங்கினார்கள்.

அப்புறம் விசாரித்ததில் உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சேரும்போது சொன்னது இரண்டு மிஸ், இரண்டு ஆயா. ஒரு மிஸ் வேலையை விட்டுப் போய்விட்டார், இன்னொருவர் மதியம் சாப்பாட்டு நேரத்தோடு கிளம்பிவிடுவார், ஒரு ஆயாவும் நின்றுவிட்டார். ஆக, மதியத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஆயம்மா. சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவர்தான். அன்று வாட்டர் கேன் போட வந்தவர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். அந்த நேரம் ஆயம்மா பின்பக்கம் ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த ஆயம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆள் இல்லை என்று தெரிந்தும் புது அட்மிஷன் போட்டுக்கொண்டே இருந்தவரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று ஆனது. அதற்காக மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், கூட ஒரு உதவியாளர். 3 முதல் 6 வயது வரை என்றால் 20 குழந்தைகளுக்கு ஒருவர், கூட ஒரு உதவியாளர். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்ற வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நிறுவனக் காப்பகங்களுக்காக எழுதியதுதான், ஆனாலும் எந்த டே கேரையும் இதை வைத்து அளந்து பார்க்கலாம்.

மறுநாள் சாமான்களை எடுக்கப் போனபோது பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியை வெறும் பலகையால் மூடி வைத்திருந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில், விக்கிரவாண்டியில், 2025 ஜனவரியில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை பள்ளிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு மூடி வாங்கிப் போட மனம் வரவில்லை. கட்டிய அட்வான்ஸும் திரும்ப வரவில்லை. அது போனால் போகட்டும்.

காவல் நிலையத்தில் முதலில், "குழந்தைக்குத்தான் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார்கள். பிறகு 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம். பொறுமையாகக் கேட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் கொடுத்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 75ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதைக் குற்றம் என்கிறது. பராமரிப்பு நிறுவனத்தை நடத்துபவரோ ஊழியரோ அதைச் செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை மனுவில் எழுதிய பிறகுதான் பேச்சின் தொனியே மாறியது.

இடம் பார்க்கப் போகிறவர்கள் காலையில், அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போகாதீர்கள். மதியம் ஒன்றரை மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். "இந்த நேரத்தில் பெற்றோரை விடுவதில்லை" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். கேட்டின் தாழ்ப்பாள் குழந்தை கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். ஏதாவது நடந்துவிட்டால் கேமரா பதிவை அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவு மேலேயே புதியது பதிவாகி, கொஞ்ச நாளில் அழிந்துபோகும். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் விசாரியுங்கள். எங்களுக்கு உண்மையைச் சொன்னது அந்தக் கடைக்காரர் மட்டும்தான்.

புகார் விசாரணையில் இருப்பதால் டே கேர் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இப்போதும் பிள்ளைகள் போகிறார்கள். உங்கள் குழந்தை அங்குதானோ என்று சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள், மனு நகலோடு எல்லாவற்றையும் காட்டுகிறேன்.