கடைசிப் பயிற்சிக்கு மெடிக்கல் வார்ட்: போய் வந்தவளின் கருத்து

தாதியர் படிப்பின் கடைசிக் கிளினிக்கல் பயிற்சிக்கு எந்தப் பிரிவு வேணும் என்று கேட்டபோது எங்கள் பட்ச் பிள்ளைகளில் கனபேர் ஐசியூ என்றார்கள், கொஞ்சப்பேர் சத்திரசிகிச்சைத் தியேட்டர். நான் வன்னியில் ஒரு மாவட்டப் பொது வைத்தியசாலையின் மெடிக்கல் வார்ட்டைக் கேட்டு வாங்கினேன். இப்போது வேலைக்கு வந்த பிறகும் அதையேதான் சொல்வேன், வன்னியில் வேலை செய்யப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

காரணம் ஊர்தான். காலபோக நெல் அறுவடை தொடங்கினால் பாம்புக்கடி, மழைக்குப் பின்னால் டெங்கு, வயல் சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல், அதோடு காரணம் இன்னும் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயோடு வருகிற கமக்காரர். எல்லோரும் வந்து படுப்பது இந்த வார்ட்டில்தான்.

பாம்புக்கடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தில் படித்தது வேறு, கையால் செய்வது வேறு. கண்ணாடி விரியன் என்று சந்தேகம் வந்தால் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு ஒரே ஒருதரம் சரித்துப் பார்க்கவேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் முடிவை நம்பமுடியாது. எங்கள் சிஸ்டர் குழாயை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஒருவரையும் விடமாட்டார். அப்புறம் விஷமுறி மருந்து, அது தூளாக வரும், ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லிலீற்றர் நீர் விட்டுக் கரைக்கவேண்டும், அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் மெதுவாகச் சுழற்றிச் சுழற்றித்தான் கரைப்பது. மருந்து ஏறத் தொடங்கியதும், அது ஒத்துக்கொள்ளாமல் போனால் போட அட்ரினலின் ஊசி கையெட்டுகிற தூரத்தில் இருக்கும், நாங்கள் தோல் தடிக்குதா, குளிருதா, பிரஷர் இறங்குதா என்று கட்டிலை விட்டு நகராமல் பார்ப்போம்.

கட்டு விரியன் இன்னும் பொல்லாதது. இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடித்துவிட்டுப் போய்விடும், கடித்த அடையாளமே தெரியாது, ஆள் வயிற்றுவலி என்று வருவார். “ஐயா, மேல பாருங்கோ, கண்ணை நல்லாத் திறவுங்கோ” என்று திரும்பத் திரும்பக் கேட்டு இமை சரிகிறதா என்று பார்க்கவேண்டும், சரிந்தால் விஷம் நரம்பில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நித்திரை வருது என்று அவர் சொன்னால் போர்த்திவிட்டுப் போகக்கூடாது, உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

டெங்குவில் படிப்பது கணக்கு. 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லிலீற்றர் சிறுநீராவது போகவேண்டும், அதை அளந்து சார்ட்டில் எழுதுகிற பிள்ளையின் கையில்தான் டொக்டரின் அடுத்த முடிவு இருக்கு.

ஐசியூவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மாணவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் நடக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் கை நன்றாகப் பழகும், ஆனால் நோயாளி கொஞ்ச நேரத்தில் வார்ட்டுக்குப் போய்விடுவார், மூன்றாம் நாள் அவருக்கு என்ன நடந்தது என்று தெரியவராது. சத்திரசிகிச்சையில்தான் மனம் என்றால் தியேட்டரைக் கேளுங்கள், அது சரி.

குறையும் சொல்லவேண்டும். நாங்கள் இருந்த இடத்தில் மாணவிகளுக்கு உடுப்பு மாற்ற ஒழுங்கான அறை இல்லை, கட்டில் நிறைந்த நாட்களில் படிப்பிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்காது, இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்பது பெரிய பாடு. படிப்புக்கு 10க்கு 9 கொடுப்பேன், வசதிக்கு 4 கூடக் கஷ்டம். மாணவிகளுக்கு ஒரு அறை கொடுப்பது பெரிய செலவில்லை, அதை யாராவது கட்டாயம் செய்யவேண்டும்.

காலத்தைத் தெரிவு செய்ய விட்டால் தை, மாசி, பங்குனியைக் கேளுங்கள், அப்போதுதான் வயல் வேலை கூட. விநாடி முள் உள்ள மணிக்கூடு ஒன்றையும் கொண்டுபோங்கள், மூச்சு எண்ண ஃபோனை எடுக்க விடமாட்டார்கள்.