சென்னையிலிருந்து தென்காசிக்குத் திரும்பி மூன்று வருஷம்: ஒரு அனுபவப் பகிர்வு

ஊருக்குத் திரும்பிய ஆறு மாதத்துக்குள் எழுதப்படும் அனுபவங்களை நான் நம்புவதில்லை. அந்த ஆறு மாதம் எல்லாருக்கும் ஊர் பிடிக்கும். அம்மா சமையல், வாடகை கிடையாது, மாடியில் ஏறினால் மலை தெரியும், அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டால் சென்னை டிராஃபிக்கில் நிற்கிறவர்கள் எல்லாரும் 'குடுத்து வச்சவ' என்று பதில் போடுவார்கள். எனக்கு அந்தக் கட்டம் முடிந்து ரொம்ப நாளாகிறது. அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கம்பெனி ரிமோட் தருகிறது, போகலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் அடிக்கடி எனக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சென்னையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். வேலை ஓஎம்ஆரில், சாஃப்ட்வேர் டெஸ்டிங். முதலில் தரமணியில் லேடீஸ் ஹாஸ்டல், அப்புறம் திருவான்மியூரில் தோழியோடு வாடகை வீடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் தென்காசிக்கு வந்துவிட்டேன், வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே எழுதப்போவதில் பாதி இதோடு சம்பந்தப்பட்டது. இதே தெருவுக்குத் திரும்பி வந்த ஒரு ஆண் எழுதினால் வேறு மாதிரிதான் எழுதுவார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய விவாதம் கிடையாது. இன்டர்நெட் தொல்லை இல்லை, ஃபைபர் வந்து எவ்வளவோ நாளாகிறது. பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011-லேயே வந்துவிட்டதால் ஐடி வேலை என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு பகல் கரண்ட் இருக்காது, முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள், நல்ல பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் மீட்டிங் நடக்கும். பாவூர்சத்திரம் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் காய்கறி வாடாமல் கிடைக்கும். ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பிக்கும், கூடவே சாரல். துணி காயாது, சுவரெல்லாம் ஈரம், ஆனாலும் அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. (சீசனில் சனி ஞாயிறு குற்றாலம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், நாங்களே போக மாட்டோம்.) பணம் மிஞ்சுகிறது. அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்.

எதற்கெல்லாம் ஏங்குவேன் என்று நினைத்தேனோ அதற்கெல்லாம் ஏங்கவில்லை. மால் ஞாபகம் வரவே இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ஒருநாள் கூடுதலாகிறது, அவ்வளவுதான். நல்ல காபி, கேக், பிரியாணி எல்லாம் இங்கேயும் வந்துவிட்டது. இந்தப் பட்டியலை வைத்துத்தான் நிறைய பேர் முடிவெடுக்கிறார்கள், அது ஊரில் கிடைக்குமா, இது கிடைக்குமா என்று. கிடைக்கும், கவலையே வேண்டாம்.

கிடைக்காதது வேறு. சென்னையில் நான் தனியாக வெளியே இருப்பேன். இது கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆபீஸ் முடிந்து திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குப் போகப் பிடிக்காவிட்டால் நேரே பீச்சுக்குப் போய் மணலில் உட்கார்ந்துகொள்வேன், பத்து மணி வரைக்கும்கூட. பக்கத்தில் குடும்பங்கள், காதலர்கள், நாயோடு வருகிறவர்கள், யாருக்கும் என்னைப் பற்றிக் கவலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு காரணமும் இல்லாமல் பஸ் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்கி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கிற இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, மனசிருந்தால் பாரிமுனை செகண்ட் லைன் பீச்சுக்குப் போய் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் போடுகிற அத்தோ என்கிற நூடுல்ஸ் ஒரு தட்டு வாங்கி நின்றபடியே சாப்பிட்டு, இருட்டியபிறகு வீடு வந்து சேர்வேன். நாள் முழுக்க யாரோடும் பேசியிருக்க மாட்டேன், ஆனால் தனியாக இருந்த மாதிரியும் தோன்றாது.

இங்கே அது முடியாது. யாரும் தடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வாசலில் ஸ்கூட்டியை எடுத்தால் எதிர்வீட்டு ஆச்சி "எட்டி, எங்கன கிளம்பிட்ட?" என்பார். கோயில் வாசலில் அந்தக் காற்றுக்காகக் கொஞ்ச நேரம் நின்றால் அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் வந்து "யாருக்காவது காத்திருக்கியாம்மா?" என்று கேட்பார். யாருக்கும் காத்திருக்கவில்லை, சும்மா நிற்கிறேன் என்று சொன்னால் அவருக்கு அது புரியாது, வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார், ராத்திரிக்குள் அம்மாவுக்குப் போன் வரும். செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் உலகப் பிரசித்தம், வெளியூரிலிருந்து கார் போட்டு வருகிறார்கள், பக்கத்திலேயே இருக்கிற நான் அங்கே தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தம்பி வரும்போது குடும்பமாகப் போவோம், இல்லாவிட்டால் பார்சல். போனால் என்ன, யாராவது அடித்தா விரட்டப் போகிறார்கள்? மாட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அந்தச் சலிப்பை நினைத்தாலே பரோட்டா ஆசை அடங்கிவிடும்.

இதில் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் சிக்கல். அப்பா விழுந்த ராத்திரி நான் சென்னையில். அம்மா சத்தம் போட்டதும் ஓடி வந்து அவரைத் தூக்கிக் காரில் ஏற்றித் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது இந்தத் தெருதான். 'எங்கன கிளம்பிட்ட' என்று கேட்கிற ஆச்சியின் பேரன்தான் கார் ஓட்டினான். திருவான்மியூரில் அத்தனை வருஷம் இருந்தும் மாடிவீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்று ஆகியிருந்தால் காலையில் வேலைக்கார அக்கா வந்து பார்த்தால்தான் உண்டு. இரண்டும் ஒரே சாமான், ஒன்றை வாங்கி மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடும்போது எங்கேயாவது போய்ச் சும்மா உட்கார வேண்டும்போல் இருக்கும். போக இடம் இல்லை. மொட்டை மாடிதான். அங்கேயும் பக்கத்து மாடியில் மதினி துணி எடுத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, போகும் இடங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளால் நிரம்பி வழியும், ஏசி, காசு கிடையாது. சனிக்கிழமை முழுக்க அங்கே இருந்திருக்கிறேன். இங்கே நூலகம் இருக்கிறது, புத்தகம் எடுக்கலாம், ஆனால் அது ஒரு நாளைக் கழிக்கிற இடம் இல்லை. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது ரொம்ப சந்தோஷப்பட்டேன், போயும் பார்த்தேன், நல்லாவே இருக்கிறது. ஆனால் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, அதற்கு 'போய்ட்டு வாரேன்' என்று கிளம்ப முடியாது, ஒரு திட்டம் போட வேண்டும். புத்தகக் கண்காட்சியும் அப்படித்தான். இப்போது மாவட்டந்தோறும் நடத்துகிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் தூசிக்குள் நடந்து கால் வலித்தது ஞாபகம் வந்துவிடுகிறது. நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் என்கிற ஜெர்மன் கலாசார மையத்தில் போடுகிற படங்கள் பாதி எனக்குப் புரியாது, இருந்தும் போவேன். முடிந்ததும் வெளியே நின்று முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டிருப்பார், நானும் சேர்ந்து திட்டுவேன், அப்புறம் அவரை வாழ்நாளில் பார்க்கவே மாட்டேன். அந்தப் பேச்சு ஊரில் இல்லை. இங்கே பேசுவதற்கு ஆள் நிறைய, எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், என்னைத் தெரிந்தவர்கள், அதனால் எல்லாப் பேச்சும் சுற்றி வந்து 'அடுத்து என்ன ஐடியா'வில் நிற்கும்.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாக. சாதாரணக் காய்ச்சலுக்கு இங்கேயே போதும். பெரிய டாக்டர் என்றால் திருநெல்வேலி, அதற்கும் மேலே என்றால் மதுரை. அப்பாவுக்கு பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்ய ஆள் கிடைக்கிறது, சென்னையில் கேட்கிற காசில் பாதிகூட ஆகாது. எனக்கு மனநல ஆலோசனை தேவைப்பட்டபோதுதான் தடுமாற்றம். டாக்டர் இல்லை என்பதில்லை, வெயிட்டிங் ஹாலில் தெரிந்த முகம் இருக்கும் என்கிற பயம். ஆன்லைனில், சென்னையில் இருக்கிற ஒருவரிடம் பேசினேன். கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில்.

சென்னை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2015 வெள்ளம் பார்த்தேன், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றேன். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் தோழி வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை, நல்லவேளை நீ அங்கே இல்லை என்று அம்மா நூறு தரம் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து அதே மாதம் 17, 18 தேதிகளில் மழை எங்கள் பக்கம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டி நின்றது. இந்த முறை போன் செய்து நல்லா இருக்கியா என்று கேட்டது சென்னைத் தோழி. 'ஊர் பாதுகாப்பு, நகரம் ஆபத்து' என்று பேசுகிறவர்களிடம் இந்த மாதத்தைத்தான் சொல்வேன்.

போய் வரலாமே என்று கேட்பார்கள். போகிறேன். தினமும் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, கொல்லம் மெயில் இருக்கிறது, சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர் பக்கம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பண்டிகை ஒட்டிய நாட்கள் திறந்த சில நிமிஷத்தில் காலி, தத்கால் என்றால் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி, அதிர்ஷ்டம் இருந்தால் சரி. முதலில் போனபோதெல்லாம் தோழி வீட்டில் தங்கினேன். அவளுக்கு இப்போது குடும்பம், குழந்தை. அவள் அம்மா வேறு, "எத்தனை மணிக்குத் திரும்புவே, சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்பார். நான் எதற்காகச் சென்னை வந்தேனோ அது அங்கேயும் கிடைக்கவில்லை! கூடவே மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக எங்கே பார்த்தாலும் தடுப்பு, நான் ஏறுகிற பஸ் ஸ்டாப் இடம் மாறியிருந்தது, வழக்கமாக டிபன் சாப்பிடுகிற கடை இருந்த இடத்தில் ஷட்டர். விருந்தாளியாகப் போனால் ஊர் நம்முடையதாக இருக்காது, இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹாஸ்டலில் அறை எடுத்துக்கொள்கிறேன். தாம்பரத்தில் அரசாங்கம் நடத்துகிற 'தோழி' என்கிற விடுதி இருக்கிறது, வேலைக்குப் போகிற பெண்களுக்கானது, கொஞ்ச நாளைக்கும் தங்கலாம். இல்லாவிட்டால் பழைய தரமணிப் பக்கம் நாள் வாடகைக்கு ஏதாவது. பகலில் லேப்டாப்பில் வேலை, சாயங்காலம் என் இஷ்டம். வீட்டில் 'ஆபீஸ் சோலி' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன், அம்மா நம்புகிறாளா இல்லையா என்று கேட்டுக்கொள்வதில்லை. அந்த ஒரு வாரச் செலவு, ரயிலையும் சேர்த்து, நான் முன்பு கொடுத்த ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

கேட்டுப் போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். சென்னை வீட்டை உடனே காலி செய்து அட்வான்ஸை வாங்கிவிடாதீர்கள். கம்பெனியில் கேட்டு முதலில் மூன்று நாலு மாதம் ஊரில் இருந்து பாருங்கள், சாரல் மாதம் வேண்டாம், அது ஏமாற்றும், மார்ச் ஏப்ரலில் வாருங்கள். பெண்ணாக இருந்தால், தனியாக இருக்கிற பெண்ணாக இருந்தால், வந்த முதல் வாரத்திலேயே தினமும் ஒரு நேரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்துவிடுங்கள். கேட்பார்கள். 'சும்மா' என்றே சொல்லுங்கள். நான் ஒருநாள் லைப்ரரி, ஒருநாள் மெடிக்கல் ஷாப் என்று காரணம் சொல்லிப் பழக்கிவிட்டேன், இன்றைக்கும் ஆச்சி "மாத்திரையா வாங்கப் போற?" என்றுதான் கேட்கிறார்.