பிக்சலின் பிரைவேட் ஸ்பேஸ்: வீட்டுக்குப் போதும், ரிப்பெயர் கடைக்குப் போதாது

கூட்டுக்குடும்பத்தில் இருக்கிற யாராவது கூகுளின் பிக்சல் போன் வைத்திருந்தால், அண்ட்ராய்ட் 15உடன் வந்த பிரைவேட் ஸ்பேஸை, அதாவது செயலிகளைத் தனிப் பூட்டுப் போட்டு ஒளித்து வைக்கிற இடத்தை, இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். நான் சில மாதங்களாகப் பாவிக்கிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். கல்யாணமாகி கொக்குவிலில் மாமா, மாமியோடு இருக்கிறோம். கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய பிக்சல் என்னுடையதுதான், ஆனால் அது எல்லோர் கையிலும் போய் வரும். வெளிநாட்டுக்கு வீடியோ கோல் எடுக்க மாமி கேட்பா, கேம் விளையாட மச்சாளின் பிள்ளைகள் கேட்பார்கள். பீரியட்ஸ் திகதிகளைக் குறிக்க ஒரு செயலி வைத்திருந்தேன். குழந்தைக்காகக் காத்திருக்கிற காலம், அதனால் ஒவ்வொரு நாளும் அதில் ஏதாவது குறிப்பேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரம் மச்சாளின் மூத்தவள், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று காட்டுகிற டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம், "மாமி, நேற்று இதில முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கிறீங்கள், இது என்னது?" என்று கேட்டாள். எல்லோரும் மேசையில் இருந்தார்கள். பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. செயலியை எந்த மூலையில் ஒளித்து வைத்தாலும், அதில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைப் போன் வட்டம் கீறிக் காட்டிவிடுகிறது. என் உடம்பின் கணக்கு சாப்பாட்டு மேசைக்கு வரத் தேவையில்லை.

செற்றிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் பிரைவேட் ஸ்பேஸ் இருக்கிறது. போனின் பின் நம்பரையே இதற்கும் வைக்கலாம், வேறு நம்பரும் வைக்கலாம். வேறு நம்பரே வையுங்கள், வீட்டில் போனின் நம்பர் எல்லோருக்கும் தெரியும்தானே. இதற்கென்று ஒரு புது கூகுள் கணக்கும் திறப்பது நல்லது. பழைய கணக்கையே உள்ளேயும் போட்டால், தேடியவையும் படங்களும் வெளியே வந்து சேர்ந்துவிடலாம். வெளியே இருக்கிற செயலியை அப்படியே தூக்கி உள்ளே வைக்க முடியாது. உள்ளே புதிதாக இறக்கி, லொகின் செய்து, பிறகு வெளியே இருப்பதை அழிக்க வேண்டும்.

பூட்டிய பிறகு அருமை. செயலிப் பட்டியலில் இல்லை, கடைசியாகத் திறந்தவற்றில் இல்லை, செற்றிங்ஸிலும் இல்லை. பிரைவேட் ஸ்பேஸ் என்ற ஒன்று இருப்பதையே மறைக்கவும் வழி உண்டு, தேடல் பெட்டியில் பெயரை எழுதினால்தான் வரும். போன் பூட்டுப்படும்போதெல்லாம் இதுவும் பூட்டுப்படும்படி வைத்திருக்கிறேன். இப்போது மாமி போனைக் கேட்டால் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆனால் பழைய தடம் தானாகப் போகாது. டிஜிட்டல் வெல்பீயிங்கில் மேலே இருக்கிற மூன்று புள்ளியைத் தட்டி, பாவனை விபரம் பார்க்கும் அனுமதியை நிறுத்தினேன். வட்டம் போய்விட்டது, அதோடு நேரக் கட்டுப்பாடு வைக்கிற வசதியும் போய்விட்டது. வெளியே இருக்கிற செயலிகளின் பெயர் பற்றரிப் பக்கத்தில் இன்னும் வரும். முன்பு இறக்கிய செயலி, அழித்த பிறகும் ப்ளே ஸ்டோரின் பழைய பட்டியலில் இருந்தது. நாம் தேடியது, பார்த்தது எல்லாம் சேர்கிற கூகுள் கணக்கின் மை அக்டிவிட்டியையும் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படி அதில் வைக்கலாம். அப்புறம், செற்றிங்ஸின் சிறப்பு அனுமதிகளில் எந்தெந்தச் செயலி உங்கள் பாவனையைப் பார்க்கிறது என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. போனை வேகமாக்கும் என்று யாரோ போட்டுவிட்ட ஒரு செயலி என்னுடைய பட்டியலில் இருந்தது. உடனே அழித்தேன்.

எனக்குப் பெரிய குறை நினைவூட்டல்தான். பூட்டினால் உள்ளே இருக்கிற செயலிகள் நின்றுவிடும், ஒரு அறிவிப்பும் வராது. மருத்துவச் செயலிகளுக்கு இது பொருந்தாது என்று கூகுளே சொல்கிறது. மருந்து நேரம் சொல்கிற செயலியை இதற்குள் வைக்கவே வேண்டாம். எனக்கு வேண்டிய நாட்களை வெளியே கலண்டரில் வெறும் புள்ளியாக வைத்திருக்கிறேன்.

ரிப்பெயர் கடை வேறு கதை. திரை மாற்றக் கொடுத்தால் பின் நம்பரைக் கேட்டு, துண்டில் எழுதிப் போனின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். போனைக் கம்பியூட்டரில் இணைத்தால் பிரைவேட் ஸ்பேஸுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியலாம் என்று கூகுளின் எச்சரிக்கையே இருக்கிறது. ஆகவே கொடுக்க முன் உள்ளே இருப்பதைச் சேமித்துவிட்டு, பிரைவேட் ஸ்பேஸை முழுதாக அழித்துவிடுங்கள்.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு இதே மாதிரி செக்யூர் ஃபோல்டர் இருக்கிறது. ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் செயலியை மறைக்கலாம், ஆனால் பாவித்த நேரத்தைக் காட்டுகிற ஸ்கிரீன் டைமிலும் பற்றரிப் பக்கத்திலும் பெயர் தெரியலாம் என்று அப்பிளே சொல்கிறது. நான் பயந்தது அந்தப் பட்டியலுக்குத்தான், அதனால் என் தேவைக்குப் பிக்சலே மேல்.

கூகுளிடம் ஒன்றுதான் கேட்பேன்: பூட்டியிருக்கும்போதும் நான் தெரிவு செய்த ஒரு செயலியிலிருந்து, பெயர் காட்டாமல், ஒரு சின்ன மணியாவது அடிக்க விடுங்கள்.