மைக்கா, குறியா, பிங்கா: பெரிய பாஸை வீழ்த்தும் குழுவுக்கு எது பொருந்தும்?

ஆன்லைன் விளையாட்டில் ஒரு பாஸிடம் (பெரிய எதிரியிடம்) குழு மொத்தமும் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தால், "எல்லாரும் மைக் ஆன் பண்ணுங்கப்பா" என்று ஒரு குரல் வந்துவிடும். குழு விளையாட்டு என்றாலே வாய்ஸ் சாட்தான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெயிக்கத் தேவையான தகவல் யார் கண்ணில் படுகிறது? பேச்சு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. டெஸ்டினி 2, ஃபைனல் ஃபேண்டசி 14, எல்டன் ரிங் நைட்ரெய்ன் ஆகிய மூன்று விளையாட்டுகளையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகத் தெரியும்.

முதலில் பேசாமல் முடியவே முடியாத சண்டை. டெஸ்டினியின் 'வால்ட் ஆஃப் கிளாஸ்' ரெய்டு (குழுவாக ஆடும் நீண்ட, கடினமான சவால்) 2014 செப்டம்பரில் வந்தது. 2021 மே மாதம் டெஸ்டினி 2-க்குத் திரும்பி வந்தது. ஆறு பேர் ஆட வேண்டும். கடைசி பாஸ் ஏதியோன், மூன்று பேரை வேறொரு காலத்துக்குத் தூக்கி அனுப்பிவிடும். அங்கே தோன்றும் ஆரக்கிள்கள் என்ற இலக்குகளை அவர்கள் சரியான வரிசையில் சுட்டு உடைக்க வேண்டும். 2021 வடிவத்தில் அந்த வரிசை வெளியே நிற்கும் மூன்று பேருக்குத்தான் தெரியும். பார்ப்பவர் ஒரு பக்கம், சுடுபவர் இன்னொரு பக்கம். "இடது ஒன்று, நடு, வலது மூன்று" என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் வேலை நடக்கும். துப்பாக்கியைப் பிடித்தபடி இதை டைப் செய்வதற்கு நேரம் கிடையாது. இங்கே மைக் இல்லாத ஆளைச் சேர்ப்பது மற்ற ஐந்து பேருக்கும் கஷ்டம். பேசக் கூச்சமாக இருந்தால் கேட்டுக்கொள்ளவாவது வேண்டும்.

ஆனால் மைக் இருந்தால் மட்டும் போதாது. ஒரே நேரத்தில் இருவர் வரிசை சொன்னால் இரண்டுமே கெட்டுப்போகும். வெளியே இருக்கும் மூவரில் சொல்லப்போவது யார், அவர் விழுந்துவிட்டால் அடுத்தது யார் என்பதைச் சண்டைக்கு முன்பே பேசிவைக்க வேண்டும். உள்ளே போகும் ஆட்கள் ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதால் ஆறு பேருக்கும் ஒரே இடப்பெயர்கள் பழகியிருக்க வேண்டும். ஒருவர் "நடு" என்பதை இன்னொருவர் "பின்னாடி" என்றால் அந்தச் சுற்று போயிற்று.

ஃபைனல் ஃபேண்டசி 14 இதற்கு நேர் எதிர். அதன் மிகக் கடினமான சாவேஜ், அல்டிமேட் வகை ரெய்டுகளுக்கு எட்டு பேர் வேண்டும். பாஸ் எந்த நொடியில் என்ன செய்யும் என்பது பெரும்பாலும் எழுதிவைத்த நாடகம் போல முன்கூட்டியே தெரியும். அதனால்தான் ஜப்பானிய ஆட்டக்காரர்களிடையே அறிமுகமில்லாத எட்டு பேர் பார்ட்டி ஃபைண்டரில் (குழுவுக்கு ஆள் சேர்க்கும் வசதி) சேர்ந்து, குரலே இல்லாமல் கடினமான ரெய்டுகளை முடிக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. உள்ளே வந்ததும் ஒருவர் மேக்ரோ (முன்பே எழுதிவைத்த செய்தி) போடுவார்: யார் எங்கே நிற்பது, ஜோடி யார் யார், பிரியும்போது யார் எந்தப் பக்கம் என்று சாட்டில் சில வரிகள். எம்டி, எஸ்டி (பாஸின் அடியைத் தாங்குபவர்கள்), எச்1, எச்2 (குணப்படுத்தும் ஹீலர்கள்), டி1 முதல் டி4 வரை (தாக்குபவர்கள்) என ஆளுக்கொரு இடம். தரையில் ஏ, பி, சி, டி, 1, 2, 3, 4 என்று எட்டுக் குறிகள். பிறகு எல்லாரும் தயாரா என்று கேட்கும் ரெடி செக், கவுன்ட்டவுன், சண்டை.

"யாருக்கு எது வரும் என்பதே தற்செயலாக இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்கலாம். அந்த இடத்தில்தான் இந்த முறையின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. 2019-இல் வந்த 'எபிக் ஆஃப் அலெக்சாண்டர்' அல்டிமேட்டில் ஒரு கட்டத்தில் எட்டுப் பேரின் தலைக்கு மேலும் 1 முதல் 8 வரை எண்கள் விழும். எண் யாருக்கு வரும் என்று தெரியாது. எந்த எண் எங்கே போக வேண்டும் என்பது முன்பே முடிவானது. இரண்டு பேருக்கு ஒரே டீபஃப் (பாஸ் ஆட்டக்காரர் மேல் போடும் பாதகமான விளைவு) வரும் சண்டைகளில் முன்னுரிமை வரிசை ஒன்று வைத்துக்கொள்வார்கள்: வரிசையில் முன்னால் இருப்பவர் இடது, மற்றவர் வலது. தகவல் எல்லார் திரையிலும் இருக்கிறது, விதியும் மனதில் இருக்கிறது. இங்கே ஒருவர் கூவிச் சொல்வது பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்து சேரும். அதைவிட மோசம், குரலை எதிர்பார்த்தே ஆடுபவர் தன் டீபஃபைத் தானே படிக்கப் பழகுவதே இல்லை.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒருவர் செத்தால் ஜோடிக் கணக்கு உடைந்துவிடும். காலி இடத்தை நிரப்பப்போவது யார் என்று மேக்ரோ சொல்லாது. அந்த நேரத்தில் ஒரு குரல் குழுவைக் காப்பாற்றும். ஆனாலும் மொழி தெரியாத ஆட்களோடு ஆட வேண்டும் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இந்த விளையாட்டின் ஆட்டோ டிரான்ஸ்லேட் வசதியில் தேர்ந்தெடுக்கும் சொல், எதிரில் இருப்பவருக்கு ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என அவரவர் பதிப்பின் மொழியில் தெரியும். குரலை வைத்துச் சீண்டல் வரும் என்று மைக்கைத் தொடத் தயங்கும் பெண்களுக்கும், வீட்டில் குழந்தை தூங்கும்போது ஆடுகிறவர்களுக்கும் இது சமமான வாய்ப்புத் தருகிறது.

நைட்ரெய்ன் 2025 மே மாதம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. விளையாட்டுக்குள் வாய்ஸும் இல்லை, டெக்ஸ்ட் சாட்டும் இல்லை. பிங் (ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும் குறி), வரைபடக் குறி, சைகை, அவ்வளவுதான். எங்கே போகலாம் என்று காட்ட பிங் போதும். கடைசி பாஸான இரவுத் தலைவனோடு மோதும்போது பேச்சை விட அசைவே முக்கியம். விழுந்த நண்பரை அடித்துத்தான் எழுப்ப வேண்டும் என்பதால், ஒருவர் பாஸைத் தன் பக்கம் இழுக்க, மற்றவர் எழுப்பப் போக வேண்டும். நல்ல ஆட்டக்காரர் இதைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆனால் "என் சிறப்புத் தாக்குதலை உன்னை எழுப்ப வைத்திருக்கிறேன், அவசரப்படாதே" என்று பிங்கால் சொல்ல முடியாது. தெரிந்த நண்பர்கள் என்றால் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியைத் திறந்துவிடுங்கள். மூன்று பேர் பேசுவதில் இரைச்சல் குறைவு, பலன் அதிகம்.

என் தேர்வு இதுதான்: ஏதியோனுக்குக் கட்டாயம் மைக், ஃபைனல் ஃபேண்டசியின் அல்டிமேட்டுக்கு மேக்ரோவும் குறிகளும், நைட்ரெய்னுக்கு முடிந்தால் மைக், இல்லாவிட்டால் பிங்கோடு கூர்ந்த கண்.

எந்த விளையாட்டானாலும் குரலுக்கு நான் பெரிய இடம் தருவது வைப் ஆன (குழு மொத்தமும் செத்த) பிறகான அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். "யார் சொதப்பினது?" என்று தொடங்கினால் அடுத்த சுற்றில் ஆளாளுக்குத் தயங்கி ஆடுவார்கள். "முதலில் விழுந்தது யார், எந்த அடியில்?" என்று கேட்டால், ஹீலருக்கு அவர் எட்டவில்லை, அவர் நின்ற இடம் தள்ளியிருந்தது, குறியைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தலாம் என்று பேச்சு தானாகவே வேலைக்கு வந்துவிடும். குறியை நகர்த்தி, ரெடி செக் போட்டு, கவுன்ட்டவுன் தொடங்கியதும் மறுபடியும் அமைதியாகிவிடலாம்.